கண்டம் பண்ணின நாற்காலி

போன தீபாவளி போனஸ்ல ஒரு நாற்காலி வாங்கினேன். விலை 42 ஆயிரம் ரூபாய். ஆமாங்க, ஒரே ஒரு நாற்காலி. தங்கமணி ரெண்டு நாள் பேசல. அது தனிக்கதை, விட்டுடுவோம் :-)

தேக்குச் சட்டம், பிரம்பு இருக்கை, பிரம்பு முதுகு, ரெண்டு பக்கமும் கவராயத்தை விரிச்சு வச்ச மாதிரி கால். பழைய சாமான் விக்கிற ஒருத்தர், "சார், ஒரிஜினல் சண்டிகர் சேர். பியர் ஜான்ரே டிசைன். ஃபாரின்ல லட்சக்கணக்குல போகுது. நீங்க நம்ம ஆளு, அதான் இந்த ரேட்டு"ன்னார். "நம்ம ஆளு"ன்னு சொன்னப்பவே உஷாராகியிருக்கணும். பொட்டி தட்டித் தட்டி மழுங்கின மூளைக்கு அது உறைக்கல.

பொங்கலுக்கு அப்பா வந்தார். தாலுகா ஆபீஸ்ல 33 வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். நாற்காலியைப் பார்த்ததும், "என்னடா இது, எங்க ஆபீஸ் நாற்காலியை வாங்கி வச்சிருக்க?"ன்னு சிரிச்சார். அப்புறம் குனிஞ்சு, இருக்கைக்கு அடியில கையை விட்டுத் தடவிப் பார்த்தார். அஞ்சு செகண்ட்தான்.

"டேய், இது பின்னினது இல்ல. ஒட்டினது."

எவ்வளவு கொடுத்தேன்னு அப்பாகிட்ட இன்னும் சொல்லல. தங்கமணிகிட்டயும் சத்தியம் வாங்கியாச்சு.

அதுக்கப்புறம் மூணு மாசமா, ஆணி கம்மியா இருக்குற நேரமெல்லாம் இந்த நாற்காலியோட பூர்வீகத்தைத்தான் தோண்டிக்கிட்டு இருந்தேன். தோண்டத் தோண்ட என் 42 ஆயிரம் சின்ன விஷயமாப் போச்சு. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

ஒரு ஊருக்கே மேசை நாற்காலி

1947 பிரிவினையில பஞ்சாபோட தலைநகரமா இருந்த லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிடுச்சு. இந்தியப் பக்கம் இருந்த பஞ்சாபுக்கு தலைநகரம் கிடையாது. புதுசா ஒண்ணு கட்டணும்னு முடிவாச்சு. முதல்ல திட்டம் போட்டவங்க ஆல்பர்ட் மேயர், மேத்யூ நொவிக்கின்னு ரெண்டு பேர். 1950ல நொவிக்கி விமான விபத்துல இறந்துட, வேற ஆள் தேட வேண்டிய கட்டாயம். பி.என்.தாப்பர், பி.எல்.வர்மான்னு ரெண்டு அதிகாரிகள் ஐரோப்பாவுக்குப் போனாங்க. லெ கார்புசியே, அவரோட சித்தப்பா-பெரியப்பா வழித் தம்பி பியர் ஜான்ரே, இங்கிலாந்துத் தம்பதி மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ, இந்த நாலு பேரும் 1951ல வேலையை ஆரம்பிச்சாங்க.

சண்டிகர்னாலே எல்லாரும் கார்புசியே பேரைத்தான் சொல்லுவாங்க. ஆனா அவர் இருந்தது பாரிஸ்ல. வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து பார்த்துட்டுப் போவார். நம்ம பாஷையில சொல்லணும்னா ஆர்க்கிடெக்ட் ஆன்சைட்ல, டெலிவரி ஃபுல்லா ஆஃப்ஷோர்ல. அந்த ஆஃப்ஷோர் ஆள்தான் ஜான்ரே. ஃப்ரையும் ட்ரூவும் மூணு வருஷத்துல கிளம்பிட்டாங்க. ஜான்ரே 1965 வரைக்கும் அங்கேயே இருந்தார். உடம்பு முடியாமத்தான் திரும்பிப் போனார். 1967ல ஜெனிவாவுல இறந்தார். அவர் விருப்பப்படி அஸ்தியைக் கொண்டுவந்து சண்டிகர் சுக்னா ஏரியில கரைச்சாங்க. இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு இந்த மனுஷனைப் பிடிச்சுப்போச்சு.

ஊர் கட்டினா மட்டும் போதுமா? உயர்நீதிமன்றம், தலைமைச் செயலகம், சட்டசபை, பல்கலைக்கழகம், நூலகம், ஹாஸ்டல், குவார்ட்டர்ஸ்... எல்லாத்துக்குள்ளயும் உக்கார நாற்காலி வேணும், எழுத மேசை வேணும், ஃபைல் வைக்க அலமாரி வேணும். ஆயிரக்கணக்குல வேணும். வெளிநாட்டுல வாங்கக் காசு கிடையாது.

இத்தனைக்கும் இதே ஜான்ரே, கார்புசியே, ஷார்லோட் பெரியாந் மூணு பேரும் சேர்ந்து 1929ல பாரிஸ் கண்காட்சியில வச்சது பளபளன்னு இரும்புக் குழாய் நாற்காலிகள். சண்டிகர்ல அதெல்லாம் நடக்காது. இங்க கிடைச்சது தேக்கும் சீஷம் மரமும். (சீஷம்னா வட இந்திய ரோஸ்வுட்.) தேக்கு கரையானுக்கும் ஈரத்துக்கும் தாங்கும். பிரம்பு விலை குறைச்சல், வெயில் காலத்துல முதுகுல காத்து போகும், கிழிஞ்சா திரும்பப் பின்னிக்கலாம். எல்லாத்துக்கும் மேல, கைவேலை தெரிஞ்ச தச்சர்கள் இருந்தாங்க.

ஜான்ரேவும் அவரோட இருந்த இந்தியக் குழுவும் வரைபடம் போட்டாங்க. அந்த வரைபடத்தை வாங்கிப் பல பட்டறைகள் செஞ்சு கொடுத்தாங்க. ஒரே தொழிற்சாலை கிடையாது. பட்டறைக்குப் பட்டறை, தச்சருக்குத் தச்சர், கால் இஞ்ச் அரை இஞ்ச் மாறும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேலைக்கு ஆகும்.

மொட்டை மாடியில ஒரு பொக்கிஷம்

வருஷம் ஓடிச்சு. பிரம்பு தொய்ஞ்சுது, கால் ஆடிச்சு. ஸ்டீல் மேசையும், சக்கரம் வச்ச நாற்காலியும், ரெக்சின் குஷனும் வந்துச்சு. பழைய மர நாற்காலிகள் மொட்டை மாடிக்கும் வராண்டா மூலைக்கும் போச்சு. வெயில், மழை, புறா எச்சம். கடைசியில அரசாங்கம் எப்பவும் செய்யறதைச் செஞ்சுது. கண்டம் பண்ணி, லாட் லாட்டாக் கட்டி, பொது ஏலம் விட்டுச்சு. எடுத்தவங்க பழைய மரச்சாமான் வியாபாரிகள்.

1990கள் முடியற நேரத்துல பாரிஸ்ல இருந்து சில கலைப்பொருள் வியாபாரிகள் வந்தாங்க. எரிக் துஷாலோம், பிலிப் ஜூஸ், பத்ரிக் செகன், ஃப்ரான்சுவா லஃபனூர். இவங்க இதுல பழம் தின்னு கொட்டை போட்டவங்க. ஒரு உதாரணம் சொல்றேன். ஜான் ப்ரூவேன்னு பிரெஞ்சு வடிவமைப்பாளர், ஆப்பிரிக்காவுல இருந்த பிரெஞ்சு காலனிகளுக்காக உலோகத் தகட்டு வீடுகள் செஞ்சு அனுப்பினார். அது அங்க துருப்பிடிச்சுக் கிடந்துச்சு. துஷாலோம் அதைப் பிரிச்சுக் கட்டி எடுத்துக்கிட்டுப் போனார். அதுல ஒண்ணு 2007ல நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்துல கிட்டத்தட்ட 50 லட்சம் டாலருக்குப் போச்சு. அப்படிப்பட்ட ஆளுக்கு சண்டிகர் மொட்டை மாடி எப்படித் தெரிஞ்சிருக்கும்!

அவங்க திருடல. இதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா நானும் முதல்ல "கொள்ளை"ன்னுதான் நினைச்சேன். ஏலத்துல விட்டதை, ஏலம் எடுத்தவங்ககிட்ட காசு கொடுத்துத்தான் வாங்கினாங்க. கன்டெய்னர்ல ஏத்தி, சுத்தம் பண்ணி, பிரம்பு மாத்தி, மெருகு போட்டு, கண்காட்சி வச்சு, தடித் தடியாப் புத்தகம் போட்டாங்க. 2010ல துஷாலோமும் ஜெரால்ட் மொரோவும் சேர்ந்து எழுதின புத்தகம்தான் இன்னிக்கும் ஏலக்காரங்க புரட்டுற பஞ்சாங்கம். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு கோடு நம்பர் அதுலதான் இருக்கு. அவங்க வரலைன்னா பாதி நாற்காலி அடுப்புக்குப் போயிருக்கும். இதுவும் உண்மை.

அமி சீகல்னு அமெரிக்கக் கலைஞர் 2013ல 'ப்ராவனன்ஸ்'னு ஒரு படம் எடுத்தாங்க. படத்துல வசனமே இல்ல. இந்த நாற்காலிகளோட பயணத்தைத் தலைகீழாக் காட்டுது. முதல்ல நியூயார்க், லண்டன், பாரிஸ் பணக்கார வீடுகள். அப்புறம் ஏலக்கடை, மெருகு போடுற பட்டறை, கப்பல். கடைசியில சண்டிகர் ஆபீஸ். இதுல உச்சம் என்னன்னா, அந்தப் படத்தையே அதே வருஷம் லண்டன் கிறிஸ்டீஸ்ல ஏலம் விட்டாங்க. அந்த ஏலத்தையும் படமா எடுத்தாங்க!

சட்டம் என்ன சொல்லுது?

"இதையெல்லாம் தடுக்கச் சட்டம் இல்லையா?"ன்னு தோணும். 1972 தொல்பொருள் சட்டம் இருக்கு. ஆனா அதுப்படி தொல்பொருள்னா குறைஞ்சது 100 வயசு ஆகியிருக்கணும். 1950கள்ல செஞ்ச நாற்காலிக்கு இன்னும் அந்த வயசு வரல. இன்னொரு வழி, 'கலைச் செல்வம்'னு மத்திய அரசு அறிவிக்கணும். தாகூர், அம்ரிதா ஷெர்-கில் ஓவியங்களை அப்படித்தான் நாட்டை விட்டுப் போகாமக் காப்பாத்தி வச்சிருக்காங்க. நாற்காலிகள் கப்பல் ஏறினப்போ இந்த ரெண்டு கதவுமே அதுக்குத் திறக்கல.

2011ல உள்துறை அமைச்சகம் ஒரு உத்தரவு போட்டுச்சு. சண்டிகரோட பாரம்பரியப் பொருட்களை விக்கக் கூடாது, ஏலம் விடக் கூடாதுன்னு. அதுக்கப்புறம் கணக்கெடுத்துப் பார்த்தா 12 ஆயிரத்துக்கும் அதிகமான பொருட்கள் இன்னும் ஊருக்குள்ளயே மிச்சம் இருந்துச்சு. 2016ல கேப்பிடல் காம்ப்ளெக்ஸ் யுனெஸ்கோ பட்டியல்ல வந்துச்சு. 2017ல, செக்டார் 5ல ஜான்ரே குடியிருந்த வீடு அருங்காட்சியகம் ஆச்சு. ஆனா முன்னாடியே வெளிய போனது போனதுதான். வெளிநாட்டு ஏலங்கள்ல ஒரு ஜோடி நாற்காலி பல ஆயிரம் டாலருக்குப் போறதும், இங்கருந்து கண்டனக் கடிதம் போறதும் தொடர்ந்து நடந்துக்கிட்டுத்தான் இருக்கு.

அசலா நகலான்னு பார்க்குறது எப்படி?

இப்ப மேட்டருக்கு வருவோம். 'மிட் செஞ்சுரி மாடர்ன்'ங்கிற பேரு 1984ல காரா க்ரீன்பெர்க் எழுதின புத்தகத்துல இருந்து பிரபலமானது. சுமாரா 1945ல இருந்து 1960களோட கடைசி வரைக்கும் வந்த, அலங்காரம் இல்லாத, கோடு சுத்தமா இருக்குற சாமான்கள். இதுல மத்த பேர்பெற்ற நாற்காலிகளைக் கண்டுபிடிக்கிறது ஓரளவு சுலபம். ஈம்ஸ் லவுஞ்ச் சேர்னா (1956) ஹெர்மன் மில்லர் லேபிள் தேடலாம். டென்மார்க் வெக்னரோட விஷ்போன் சேர்னா கார்ல் ஹன்சன் கம்பெனி முத்திரை தேடலாம். சண்டிகர் நாற்காலிக்குக் கம்பெனியே இல்லையே? அதனால மரத்தைத்தான் படிக்கணும். நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதும், அப்பா சொன்னதும் சேர்த்து:

1. பிரம்பு: புதுப் பிரம்பு இருந்தா நகல்னு அர்த்தம் இல்ல, 60 வருஷத்துல எல்லாத்துக்கும் மாத்தியிருப்பாங்க. பார்க்க வேண்டியது சட்டத்துல வரிசையாத் துளை இருக்கா, பிரம்பு அது வழியா நுழைஞ்சு பின்னியிருக்கான்னு. துளையே இல்லாம, ஒரு பள்ளம் வெட்டி, மெஷின்ல பின்னின பாயை அதுல அழுத்தி, மேல ஒரு பட்டி ஒட்டியிருந்தா சந்தேகப்படணும். என்னுது அந்த ரகம் :-(

2. இணைப்பு: ஒரு கட்டையில துளை போட்டு, இன்னொரு கட்டையோட நாக்கை அதுக்குள்ள இறக்கியிருக்கும். இடது கால், வலது கால் ரெண்டையும் டேப் வச்சு அளந்து பாருங்க. மில்லிமீட்டர் சுத்தமா ஒண்ணா இருந்தா மகிழ்ச்சியடையாதீங்க. கைவேலைன்னா கொஞ்சம் முன்ன பின்ன இருக்கத்தான் செய்யும். இங்க பர்ஃபெக்ஷன்தான் பக்.

3. தேய்மானம்: கை நுனி, முன்பக்கக் குறுக்குச் சட்டம், காலடி. மனுஷன் கை, கால் படுற இடத்துல தேய்ஞ்சிருக்கணும். எல்லா இடமும் ஒரே மாதிரி 'பழசா' இருந்தா அது உப்புத்தாள் செஞ்ச வேலை.

4. நம்பர்: முதுகுக்குப் பின்னாலயோ பின்னங்கால்லயோ துறைப் பேரோட சுருக்கமும் ஒரு எண்ணும் பெயிண்ட்ல இருக்கும். இதுதான் வியாபாரிகளுக்கு உயிர். அதனால போலி பண்றவங்களும் முதல்ல இதைத்தான் எழுதுறாங்க. பார்க்க வேண்டியது லேயர். மரத்துல இருக்குற கீறல் பெயிண்ட்டையும் சேர்த்துக் கிழிச்சிருக்கா? இல்ல, கீறலுக்குள்ள பெயிண்ட் இறங்கியிருக்கா? ரெண்டாவதுன்னா, கீறல் விழுந்த அப்புறம்தான் நம்பர் போட்டிருக்காங்க. லாக் ஃபைல்ல டைம்ஸ்டாம்ப் பார்க்குற அதே லாஜிக்.

5. ஒட்டுவேலை: மூணு உடைஞ்ச நாற்காலியில இருந்து ஒரு முழு நாற்காலி செஞ்சிருப்பாங்க. மரத்தோட நிறமும் ரேகையும் இடத்துக்கு இடம் மாறுதான்னு, முக்கியமா அடிப்பக்கம் பாருங்க.

6. காகிதம்: ஏல ரசீது, எந்தக் கட்டடத்துல இருந்து வந்தது, யார் கைமாறினது. இது இல்லைன்னா மேல சொன்ன அஞ்சும் சரியா இருந்தும் பாதி விலைதான் பேச முடியும்.

விலைக்கணக்கு இதுல இருந்துதான் வருது. ஆயிரக்கணக்குல செஞ்ச ஆபீஸ் நாற்காலிக்கு ஒரு விலை, கொஞ்சமாச் செஞ்ச பெரிய மேசைக்கு வேற விலை. ஒத்தையை விட ஜோடிக்கும் செட்டுக்கும் மதிப்பு. பழைய மெருகைச் சுரண்டி நம்பரை அழிச்சிருந்தா மதிப்பு இறங்கும். எல்லாத்துக்கும் மேல பேரு. ஜான்ரேன்னா ஒரு விலை, அதுல கார்புசியே கையும் இருக்குன்னா இன்னும் ஏறும்.

இந்த இடத்துலதான் எனக்கு உறுத்துச்சு. யூலி சௌத்ரின்னு ஒரு அம்மா. சிட்னியில கட்டடக்கலை படிச்சிட்டு 1951ல சண்டிகர் குழுவுல சேர்ந்தவங்க. நாற்காலி, மேசை வடிவமைப்புல ஜான்ரேவோட சேர்ந்து வேலை செஞ்சாங்க. பிற்காலத்துல பஞ்சாபோட தலைமைக் கட்டடக் கலைஞராவே ஆனாங்க. பல ஏலப் பட்டியல்கள்ல அவங்க பேரு இல்ல. அவங்க பேரே இல்லாதப்போ, கவராயக் காலை இழைச்ச தச்சர் பேரு எங்க இருக்கப்போகுது? மரம் அதே மரம், உழைப்பு அதே உழைப்பு. மேல எந்தப் பேரை எழுதுறோம்ங்கிறதுலதான் மதிப்பு ஏறி இறங்குது.

நம்பர் எதுக்கு?

அப்பாகிட்ட இந்த நம்பர் சமாச்சாரத்தைச் சொன்னேன். ஏலத்துல நம்பர் இருந்தா விலை அதிகம்பான்னேன்.

சத்தமாச் சிரிச்சார். "ஸ்டாக் ரிஜிஸ்டர் நம்பர்டா அது. எங்க ஆபீஸ்லயும் உண்டு. வருஷா வருஷம் எண்ணிப் பார்ப்போம். நாற்காலியை எவனும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னுதான் அதைப் போடுறதே."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரல. பொருள் ஆபீஸை விட்டுப் போகக் கூடாதுன்னு எழுதின எண், இன்னிக்கு அது போய்ச் சேர்ந்த இடத்துல 'அசல்'னு சான்றிதழ். அந்த எண்ணுக்குரிய ரிஜிஸ்டர் கையில இருந்தா எந்த நாற்காலி எந்த அறையில இருந்துச்சு, என்னிக்குக் கண்டம் ஆச்சுன்னு சொல்லிடலாம். ரிஜிஸ்டர் இல்லாத நம்பர், டேபிள் இல்லாத ப்ரைமரி கீ மாதிரி. யார் வேணா எதுலயும் எழுதிக்கலாம்.

"உங்க ஆபீஸ் நாற்காலியெல்லாம் என்னப்பா ஆச்சு?"

"பிரம்பு பின்ன ஒருத்தர் வருவார். கண் தெரியாது அவருக்கு. விரலாலயே துளையைத் தடவித் தடவிப் பின்னுவார். ஒரு துளை தப்பாது. பக்கத்துல உக்காந்து வேடிக்கை பார்ப்பேன், அப்படித்தான் எனக்கும் தெரியும். அப்புறம் பிளாஸ்டிக் சேர் வந்துச்சு, அவர் வர்றது நின்னுபோச்சு. நாற்காலியெல்லாம் கண்டம் பண்ணி ஏலம் விட்டாச்சு." கொஞ்ச நேரம் கழிச்சு, "லிஸ்ட் எழுதினதே நான்தான்"ன்னார்.

பொதுவா நம்ம அரசு ஆபீஸ்கள்ல நாற்காலிக்குப் பிரம்பு பின்னுறது பார்வையில்லாதவங்களுக்குக் கிடைச்ச வேலைகள்ல ஒண்ணு. அந்தக் கை வேலைக்கு எந்த ஏலப் பட்டியல்லயும் ஒரு வரி கிடையாது.

சண்டிகர் அதிகாரிகளை முட்டாள்னு திட்டி இந்தப் பதிவை முடிக்கலாம்னுதான் ஆரம்பிச்சேன். இப்ப கை வரல. தினமும் உக்கார்ற பொருளோட மதிப்பு உக்கார்ந்திருக்கறவனுக்குத் தெரியாது. அதே சமயம், அது அசலா நகலான்னு அஞ்சு செகண்ட்ல சொல்றதும் உக்கார்ந்து எழுந்தவனாலதான் முடியுது. ஏலக்கடைக்காரன் கிட்ட இருக்குறது விலை. அப்பா கிட்ட இருந்தது விவரம். நாம என்னடான்னா விவரத்தையும் சேர்த்துக் கண்டம் பண்ணிட்டோம்.

உங்க வீட்டுப் பரண்லயோ, தாத்தா வேலை பார்த்த ஆபீஸ்லயோ பழைய நாற்காலி இருந்தா, தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை கவுத்துப் போட்டுப் பாருங்க. அடியில என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. யார் செஞ்சது, யார் உக்கார்ந்ததுன்னு பெரியவங்களைக் கேட்டு ஒரு நோட்டுல எழுதி வைங்க. ஃபாரின்ல விலை போகுமான்னு பார்க்குறதுக்கு இல்ல.

என் டுபாக்கூர் நாற்காலி? ஹால்லயேதான் இருக்கு. ஒட்டின பாயைப் பிச்சு எறிஞ்சுட்டு, சட்டத்துல துளை போட்டு, கையால பின்னித் தர ஒரு ஆளைத் தேடிக்கிட்டு இருக்கேன். அப்பா பக்கத்துல உக்காந்து பார்க்கணும்னு சொல்லியிருக்கார்.

டிஸ்கி 1: புதுசா, 'இது மறு உருவாக்கம்'னு வெளிப்படையாச் சொல்லி விக்கிறது போலி ஆகாது. பெங்களூர் ஃபாண்டம் ஹேண்ட்ஸ் அப்படித்தான் செய்யறாங்க. இத்தாலி காசினா கம்பெனியும் 2019ல இருந்து ஜான்ரே நினைவா ஒரு வரிசை செய்யுது. பழசுன்னு பொய் சொல்லி விக்கிறதுதான் போலி.

டிஸ்கி 2: பிரம்பு பின்னுறவங்க யாரையாவது தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லுங்க, புண்ணியமாப் போகும். 42 ஆயிரம் மேட்டரை மட்டும் எங்க அப்பாகிட்ட சொல்லிடாதீங்க!